சிவப்பு மையில் தெரியும் மூளை

உனக்குப் பிடித்த பாடத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து வரி எழுதுக. இந்தக் கேள்வியிடம் மாட்டாமல் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவர்கள் உண்டா என்ன! எழுதிக் கொடுக்கிறோம். தாள் திரும்பி வருகிறது. மார்க் எவ்வளவு என்று ஒரு பார்வை, அவ்வளவுதான், தாள் பைக்குள் போய்விடும். ஆசிரியர் சிவப்பு மையில் போட்ட வட்டங்களை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்?

இன்றைக்கு நாம் பார்க்கப்போகிறோம். அறிவியல் பக்கத்தில் இங்கிலீஷ் கிராமருக்கு என்ன வேலை என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். ஒரு பிழை எந்த இடத்தில் விழுகிறது, எந்த இடத்தில் விழுவதே இல்லை என்று கவனித்தால், நம் கண்ணும் மூளையும் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் பிடிபடும். மண்டையைத் திறக்காமல் மூளையை எட்டிப்பார்க்க விஞ்ஞானிகளே இந்த வழியைப் பயன்படுத்துகிறார்கள்.

முதலில் கட்டுரை. இதை எந்த மாணவரும் எழுதவில்லை. தமிழ் பேசும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வழக்கமாக விடும் பிழைகளைக் கோத்து நானே எழுதியது. இங்கே தமிழ் எழுத்தில் அச்சாகியிருக்கிறது. நீங்கள் ஒரு தாளில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு திருத்துங்கள்.

“மை ஃபேவரிட் சப்ஜெக்ட் சயின்ஸ். மை சயின்ஸ் டீச்சர் ஆர் வெரி குட். ஷீ எக்ஸ்பிளைன் எவ்ரிதிங் நைஸ்லி. லாஸ்ட் வீக் வீ டிட் த்ரீ எக்ஸ்பெரிமென்ட் இன் தி தி லேப். வீ புட் ப்ளூ லிட்மஸ் பேப்பர்ஸ் இன் லெமன் ஜூஸ். தி கலர் ஆஃப் தி பேப்பர்ஸ் வேர் ரெட். தென் வீ டிஸ்கஸ்ட் அபவுட் ஆசிட்ஸ். ஐ டிட் நாட் வென்ட் ஹோம் ஃபார் லன்ச். ஃபிசிக்ஸ் ஆர் டிஃபிகல்ட், பட் ஐ ஆம் லைக் இட்.”

மொத்தம் பத்துப் பிழைகள். எத்தனை கிடைத்தன? ஒன்பதோடு நின்றுவிட்டதா? நாலாவது வாக்கியத்துக்குத் திரும்பிப் போங்கள். ‘இன் தி தி லேப்.’ ஒரு ‘தி’ கூடுதல். அதை முதல் தடவையே பிடித்தவர்களுக்கு ஒரு சபாஷ். மற்றவர்கள் வெட்கப்பட வேண்டாம், அது கண்ணின் குணம்.

கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். உங்கள் கண் ஒரு சமயத்தில் மிகத் துல்லியமாகப் பார்க்கும் இடம் அந்த நகத்தின் அகலம்தான். சுற்றியுள்ளவை எல்லாம் மங்கல். விழித்திரையின் நடுவில் உள்ள ஒரு சிறு குழியில்தான் கூர்மையாகப் பார்க்கும் செல்கள் நெருக்கமாக இருக்கின்றன. அதனால் படிக்கும்போது கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவிப் போகிறது. 1870களின் முடிவில், பாரிஸில் எமில் ஜவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வகத்தில் இதைக் கண்டார்கள். ஆங்கிலம் படிக்கும்போது ஒரு தாவலுக்கு ஏழெட்டு எழுத்துகள். தாவி விழுந்த இடத்தில் ஏறக்குறைய கால் விநாடி ஓய்வு. அந்த ஓய்வில்தான் படிப்பு நடக்கிறது. தாவும் நேரத்தில் கண் கிட்டத்தட்ட ஒன்றையும் பார்ப்பதில்லை.

ஆங்கிலம் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களின் கண்ணைக் கருவி வைத்து அளந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பொருள் தரும் பெரிய சொற்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 85இல் கண் நின்று போகிறது. ‘தி’, ‘ஆஃப்’, ‘இன்’ மாதிரிச் சின்னச் சொற்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 35இல்தான் நிற்கிறது. மற்றவற்றைத் தாண்டிவிடுகிறது. அந்த இடத்தில் இதுதான் இருக்கும் என்று மூளையே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. பெரும்பாலும் ஊகம் சரியாகவே இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

வீட்டில் பெரியவர் ஒருவரிடம் ஆங்கிலச் செய்தித்தாளைக் கொடுத்து, ஒரு பத்தியில் எத்தனை ‘டி’ எழுத்து இருக்கிறதோ அத்தனையையும் வட்டமிடச் சொல்லுங்கள். வழக்கமான வேகத்தில் படித்துக்கொண்டே செய்ய வேண்டும். அவர் எதை விட்டார் என்று பிறகு எண்ணுங்கள். ‘தி’ என்ற சொல்லில் உள்ள ‘டி’தான் அதிகம் தப்பியிருக்கும். ஆலிஸ் ஹீலி என்ற அமெரிக்க உளவியலாளர் 1976இல் இதைச் சோதனையாகச் செய்து காட்டினார். அதிகம் பழகிய சொல்லை மூளை எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை, மொத்தமாக ஒரு உருவமாகவே விழுங்கிவிடுகிறது என்பது அவர் தந்த விளக்கம்.

சொந்தக் கட்டுரையில் இந்த வம்பு இரட்டிப்பாகும். நீங்கள் என்ன எழுத நினைத்தீர்கள் என்பது உங்கள் மூளைக்கு முன்பே தெரியும். தாளில் இருப்பதைவிட மனத்தில் இருப்பதைத்தான் அது படிக்கும். பக்கத்து பெஞ்சுக்காரர் அரை நிமிடத்தில் கண்டுபிடிக்கும் பிழை உங்களுக்கு மூன்று தடவை படித்தாலும் தெரியாமல் போவது இதனால்தான்.

மீதி ஒன்பதும் கண் செய்த குற்றம் இல்லை. அங்கே துப்பறிய வேண்டும். நம் வீடுகளில் உடனே ஒருவர்மேல் பழி போட்டுவிடுவார்கள்: தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறாய், அதான் தப்பு! தமிழைக் கூண்டில் ஏற்றி விசாரிப்போம், வாருங்கள்.

முதல் வாக்கியத்தில் தமிழ் மாட்டிக்கொள்கிறது. ‘எனக்குப் பிடித்த பாடம் அறிவியல்.’ இந்த வாக்கியத்தில் வினைச்சொல் எங்கே? இல்லை. தேவையும் இல்லை. ‘அவர் என் மாமா’, ‘இது கொய்யா மரம்’ என்று நாம் நாள் முழுக்க வினையில்லாமல் பேசுகிறோம். ஆங்கிலம் அப்படி விடாது, நடுவில் ஒரு ‘இஸ்’ கேட்கும். அது நம் காதுக்கு வேலையில்லாத சொல். அதனால் விட்டுப்போகிறது.

இரண்டாவதிலும் தமிழ்தான், ஆனால் கொஞ்சம் மரியாதையான காரணம். டீச்சர் வந்தாங்க, சொன்னாங்க, ரொம்ப நல்லவங்க. ஒரே ஆளைத்தான் சொல்கிறோம். மரியாதைக்காகப் பன்மை போடுகிறோம். அந்தப் பன்மை ஆங்கிலத்துக்குள் புகுந்து ‘டீச்சர் ஆர்’ ஆகிவிட்டது. அடுத்த வாக்கியத்தில் ‘ஷீ’ என்று ஒருமையில் எழுதியிருப்பதைக் கவனித்தீர்களா? டீச்சர் ஒருவர்தான் என்பது எழுதியவருக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு எண்ணத் தெரியாமல் போகவில்லை, வணக்கம் சொல்லியிருக்கிறார்.

‘த்ரீ எக்ஸ்பெரிமென்ட்’ என்ற இடத்துக்கு நன்னூல் வரை போகலாம். இரண்டு இட்லி, பத்து ரூபாய், மூன்று சோதனை. யாராவது கடையில் போய் ‘இரண்டு இட்லிகள் கொடுங்கள்’ என்று கேட்கிறார்களா? மரம் வளர்ந்தது என்றாலும் மரம்தான், மரம் வளர்ந்தன என்றாலும் மரம்தான். இப்படி ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் சொல்லைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று நம் இலக்கணம் சொல்கிறது. ஆட்கள் என்று வந்தால் மட்டும் நாம் கறார்: மூன்று மாணவர்கள். அதனால் ஒரு சின்ன ஆராய்ச்சி செய்து பார்க்கலாம். உங்கள் வகுப்புத் தோழர்கள் ஆங்கிலத்தில் பன்மை ‘எஸ்’ஸை விடுவது பொருள்களின் பெயரில் அதிகமா, ஆட்களின் பெயரில் அதிகமா? விடை எனக்குத் தெரியாது. எண்ணிப் பார்த்து எழுதி அனுப்புங்கள்.

‘டிஸ்கஸ்ட் அபவுட்’டில் இரண்டு பேர்மேல் சந்தேகம். அமிலங்களைப் பற்றி விவாதித்தோம் என்கிறோமே, அந்தப் ‘பற்றி’ ஒரு ஆள். இன்னொரு ஆள் ஆங்கிலமே. ‘டாக் அபவுட்’ சரி, ‘டிஸ்கஷன் அபவுட்’ சரி, ‘டிஸ்கஸ் அபவுட்’ மட்டும் தப்பு என்றால் யாருக்குத்தான் குழம்பாது? இதில் ஆங்கிலத்தின்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

இனிமேல்தான் வழக்கில் திருப்பம். ‘ஷீ எக்ஸ்பிளைன்’ என்பதில் ஒரு ‘எஸ்’ குறைகிறது. யார், எத்தனை பேர் என்பதற்கேற்ப வினை மாறும் என்பது தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதா? சொல்கிறேன், சொல்கிறாய், சொல்கிறாள், சொல்கிறோம், சொல்கிறார்கள். ஆளுக்கொரு விகுதி வைத்துப் பேசி வளர்ந்தவர்கள் நாம். அப்படியிருந்தும் அந்த ஒரே ஒரு ‘எஸ்’ நழுவுகிறது. ஏன்?

தமிழில் விகுதிக்கு வேலை இருக்கிறது. ‘வந்தாள்’ என்று மட்டும் சொன்னால் போதும், யார் என்பது பாதி தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் ‘ஷீ’ என்று முன்னாலேயே சொல்லியாகிவிட்டது. பின்னால் வரும் ‘எஸ்’ புதிதாக எதையும் சொல்வதில்லை. பேச்சில் அது சரியாகக் காதில் விழுவதும் இல்லை. இங்கிலீஷ் வீட்டுக் குழந்தைகளும் இதில் தடுமாறுகிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ரோஜர் பிரவுன் என்ற உளவியலாளர் மூன்று குழந்தைகளின் பேச்சைப் பல ஆண்டுகள் பதிவுசெய்து, 1973இல் ஒரு நூல் எழுதினார். அந்தக் குழந்தைகள் 14 இலக்கண உருபுகளை எந்த வரிசையில் கற்றார்கள் என்று பார்த்தார். ‘இங்’ முதலில் வந்தது. பன்மை ‘எஸ்’ அதற்குக் கொஞ்ச நாள் கழித்து. ‘ஷீ’யோடு சேரும் இந்த ‘எஸ்’ மிகவும் பிந்தித்தான் வந்தது. ஒலி ஒன்றுதான், எழுத்து ஒன்றுதான், ஆனாலும் ஒன்று முன்னால், ஒன்று பின்னால். ஆக, இந்தக் குற்றத்தில் தமிழுக்கு விடுதலை.

‘டிட் நாட் வென்ட்’டிலும் விடுதலை. ‘போகவில்லை’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். போக, இல்லை. அதில் காலமே கிடையாது. நேற்றுப் போகவில்லை, இன்னும் போகவில்லை, எல்லாம் ஒன்றுதான். தமிழிலிருந்து அப்படியே கொண்டுபோயிருந்தால் ‘டிட் நாட் கோ’ என்று சரியாகவே வந்திருக்க வேண்டும்! நடந்தது வேறு. ‘முடிந்துபோன செயலுக்கு வினையை மாற்று’ என்ற விதியைப் பிள்ளை கற்றிருக்கிறது. ‘டிட்’ அந்த வேலையை முடித்துவிட்டது என்பது இன்னும் தெரியவில்லை. அதனால் ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்கிறது. விதி தெரியாமல் வந்த பிழை இல்லை, விதியைக் கூடுதலாகப் போட்டதால் வந்த பிழை.

‘ஃபிசிக்ஸ் ஆர்’ என்பதும் அதே ரகம். கடைசியில் ‘எஸ்’ இருந்தால் பன்மை, பன்மைக்கு ‘ஆர்’. என்ன சுத்தமான தர்க்கம்! ஃபிசிக்ஸ், மேத்ஸ் இரண்டும் ‘எஸ்’ வைத்துக்கொண்டே ஒருமையாக நிற்கும் என்பது ஆங்கிலத்தின் விசித்திரம். பிள்ளையின் கணக்கில் பிசகில்லை.

குழந்தைகள் விதிகளைத் தாமே கண்டுபிடிக்கிறார்களா, பெரியவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார்களா? இதற்கு அழகான சோதனை ஒன்று உண்டு. 1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் பறவை மாதிரி ஒரு பொம்மை உருவத்தை வரைந்தார். உலகத்திலேயே இல்லாத ஒரு பெயரை அதற்கு வைத்தார்: வக். நான்கு முதல் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு வக்கைக் காட்டினார். பிறகு இரண்டைக் காட்டி, இவை என்ன என்று கேட்டார். ‘வக்ஸ்’ என்று பிள்ளைகள் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து கேட்டேயிராத சொல்லுக்கு யார் பன்மை கற்றுக்கொடுத்திருக்க முடியும்? விதி அவர்கள் தலைக்குள்ளே இருந்தது. இப்படித் தலைக்குள் இருக்கும் விதிதான் சில சமயம் எல்லை தாண்டுகிறது. இங்கிலீஷ் குழந்தை முதலில் ‘வென்ட்’ என்று சரியாகச் சொல்லும். பிறகு, முடிந்துபோன செயலுக்கு ‘எட்’ சேர்க்கும் விதியைக் கண்டுபிடித்ததும், நடுநடுவே ‘கோ’வோடு ‘எட்’ சேர்த்துக் ‘கோட்’ என்று தப்பாகச் சொல்லத் தொடங்கும். அம்மா தலையில் கை வைப்பார். விஞ்ஞானி கைதட்டுவார், ஏனென்றால் குழந்தை ஒரு படி ஏறியிருக்கிறது.

‘ஐ ஆம் லைக் இட்’ வேறு கதை. ஒன்றாம் வகுப்பில் பெயர் சொல்லக் கற்கும்போதே ‘ஐ ஆம்’ என்று ஒட்டினாற்போல வாயில் ஏறிவிடுகிறது. அது இரண்டு சொல் என்பதே பிறகுதான் தெரியும். ‘ஐ’க்குப் பின்னால் வேறு எது வந்தாலும் ‘ஆம்’ கூடவே வந்து நிற்கும்.

ஒன்று பாக்கி. ‘தி கலர் ஆஃப் தி பேப்பர்ஸ் வேர்.’ நிறம் ஒன்றுதான், எனவே ‘வாஸ்’. பக்கத்தில் நிற்கும் ‘பேப்பர்ஸ்’ வினையைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. இது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட கல்லூரி மாணவர்களுக்கும் நடக்கும். 1991இல் கேத்ரின் பாக், கரோல் மில்லர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வாக்கியத்தின் தொடக்கத்தை மட்டும் கொடுத்து, மாணவர்களை மீதியைச் சொல்ல வைத்தார்கள். வினைக்கு அருகில் பன்மைச் சொல் இருந்தபோது இப்படி இடறுவது கூடியது. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் சொற்கள் வந்து நின்றால் எந்த நாட்டு மூளையும் கொஞ்சம் திணறும்.

சரி, பிழையைப் பார்த்ததும் மூளைக்குள் என்ன நடக்கிறது? தலையில் மின்முனைகள் பதித்த தொப்பியை மாட்டி, மூளையின் மின் அலைகளை அளக்கலாம். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் அளவில் சில துணுக்குகள்தான் அந்த அலைகள். 1980இல் மார்ட்டா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்டு இருவரும் பொருள் பொருந்தாத சொல்லில் முடியும் வாக்கியங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். நம் ஊர்ப்படி சொன்னால், ‘அம்மா இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் சாக்பீஸ் வைத்தாள்’ என்பது மாதிரி. அந்தச் சொல்லைப் பார்த்து 400 மில்லிவிநாடி ஆகும்போது அலையில் ஒரு குறிப்பிட்ட அசைவு. ‘அக்கா நேற்று வந்தான்’ என்று படித்துப் பாருங்கள். இங்கே பொருள் புரிகிறது, இலக்கணம் இடறுகிறது. இப்படி இலக்கணம் இடறும் இடங்களில் 600 மில்லிவிநாடி அளவில் வேறொரு அலை எழுவதை 1992இல் லீ ஆஸ்டர்ஹவுட், ஃபிலிப் ஹோல்கம்ப் இருவரும் வெளியிட்டார்கள். அர்த்தப் பிழைக்கு ஒரு மணி, இலக்கணப் பிழைக்கு இன்னொரு மணி.

தாய்மொழியில் அந்த மணி தானாக அடிக்கிறது. பள்ளியில் கற்கும் மொழியில்? அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆஸ்டர்ஹவுட் குழுவினர் பிரெஞ்சு மொழியைப் புதிதாகப் படிக்க வந்த மாணவர்களைச் சோதித்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 14 மணி நேரப் பாடம் முடிந்த சமயம். உண்மையான பிரெஞ்சுச் சொற்களையும் பொய்ச் சொற்களையும் கலந்து காட்டி, எது நிஜம் என்று கேட்டபோது மாணவர்கள் குருட்டாம்போக்கில்தான் விடை சொன்னார்கள். மூளை அலையோ இரண்டையும் பிரித்துக் காட்டியது! வாய்க்குத் தெரியாதது மூளைக்குத் தெரிந்திருந்தது. இந்தச் சோதனை சொற்களைப் பற்றியதுதான், இலக்கணத்தைப் பற்றியதில்லை. இருந்தாலும், ‘எனக்கு இங்கிலீஷே வராது’ என்று சொல்பவர்களிடம் இதை நான் விடாமல் சொல்வேன்.

இனித் திருத்தும் வேலை. எடின்பரோவில் இருந்த பிட் கார்டர் என்ற மொழியியலாளர் 1967இல் ஒரு எளிய பிரிவினை சொன்னார். பிழையைச் சுட்டிக்காட்டியதும் நீங்களே சரிசெய்ய முடிந்தால் அது கைதவறல்; அந்தத் ‘தி தி’ அப்படிப்பட்டது. சுட்டிக்காட்டிய பிறகும் ‘இதில் என்ன தப்பு?’ என்று விழித்தால், உங்கள் தலைக்குள் இருக்கும் விதியே வேறு என்று பொருள். இரண்டுக்கும் ஒரே மருந்து ஆகாது.

கைதவறலுக்குக் கண்ணை ஏமாற்ற வேண்டும். எழுதியவுடனே திருத்தாமல் மறுநாள் எடுங்கள், மனப்பாடம் கொஞ்சம் மங்கியிருக்கும். கடைசி வாக்கியத்தில் தொடங்கி மேல்நோக்கி வாருங்கள். கதை ஓடாததால் மூளையால் முன்கூட்டி ஊகிக்க முடியாது. சொல்லுக்குச் சொல் விரலை வைத்து உரக்கப் படித்தால், கண் தாண்டும் ‘தி’யை வாய் தாண்டாது. செல்போன் பிழைதிருத்தி கோடு போட்டுக் காட்டும்தான். அது ஏன் கோடு போட்டது என்று கேட்காமல் விரலால் தட்டிவிட்டால், நாளைக்கும் அதே கோடு வரும்.

விதியே வேறாக இருக்கும் பிழைக்குச் சிவப்பு மை எவ்வளவு உதவும் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே சண்டை. இலக்கணத் திருத்தம் பயனற்றது, விட்டுவிடுங்கள் என்று 1996இல் ஜான் டிரஸ்காட் எழுதினார். 1999இல் டானா ஃபெரிஸ் மறுத்து எழுதினார். ஒரு சமயத்தில் ஒரு வகைப் பிழையை மட்டும் குறிவைத்துத் திருத்தினால் பலன் உண்டு என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. பத்துப் பிழையையும் ஒரே நாளில் துரத்தினால் பத்தும் தப்பித்துவிடும்.

எனவே ஒரு நோட்டில் கட்டம் போடுங்கள். விட்டுப்போன ‘இஸ்’ ஒரு கட்டம், மரியாதை ‘ஆர்’ ஒரு கட்டம், பன்மை ‘எஸ்’ ஒன்று, ‘ஷீ’யோடு சேரும் ‘எஸ்’ ஒன்று, ‘டிட் நாட் வென்ட்’ ஒன்று. ஒவ்வொரு கட்டுரை திரும்பி வரும்போதும் எத்தனை என்று கோடு கிழியுங்கள். இந்த மாதம் ஏதாவது ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால் எந்தக் கோடு வேகமாக இறங்கியது, எது முரண்டு பிடித்தது என்று தெரியும். ‘ஷீ’யோடு சேரும் ‘எஸ்’தான் கடைசியில் இறங்கும் என்பது என் ஊகம். உங்கள் நோட்டில் வேறு மாதிரி வந்தால், அந்த வரைபடத்தை எனக்குக் கட்டாயம் அனுப்ப வேண்டும்.